உச்சிப் பொழுதில் பயந்தவள்

இரண்டு சாக்குப் பைகள். தேங்காய்நார்க் கயிறு போட்டு வாயை இறுக்கிக் கட்டியது நான்தான். முடிச்சு அவிழ்ந்துவிடக் கூடாதென்று ஒரு காலை மேலே ஊன்றி இழுத்தேன். உள்ளே இருந்தவை என் மனைவி முப்பது வருடமாகச் சேர்த்து வைத்திருந்த பேய்க்கதைப் புத்தகங்கள். அவள் போன பதினேழாம் நாள் காலையில், பழைய பேப்பர்காரரின் தள்ளுவண்டியில் அவற்றைத் தூக்கி வைத்ததும் நானேதான். "பார்த்துத் தள்ளுங்க, பாரம் அதிகம்" என்று வேறு சொன்னேன். என்ன கரிசனம் பாருங்கள்!

எனக்குக் கோயம்புத்தூர் கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை. பம்புசெட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிற வேலை. அவள் உடுமலைப்பேட்டைப் பக்கம், தென்னந்தோப்புக்காரர் வீட்டுப் பெண். கல்யாணமாகி வந்தபோது சீரோடு சீராக ஒரு தகரப் பெட்டியும் வந்தது. உள்ளே பட்டுச்சேலை இருக்கும் என்று ஆவலாகத் திறந்த என் அக்கா, அட்டையில் தலைவிரி கோலமாகப் பல்லைக் காட்டிய ஒருத்தியைப் பார்த்துவிட்டுப் படாரென்று மூடினார். பெட்டி நிறைய மாத நாவல்கள். அக்காவுக்கும் அந்தப் புத்தகங்களுக்கும் அன்றைக்குத் தொடங்கிய பகை.

பேய்க்கதையை ராத்திரியில்தான் படிப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். இவள் படித்தது மத்தியானத்தில். சமையலை முடித்து எனக்குச் சோறு கட்டி அனுப்பிவிட்டு, பன்னிரண்டு மணி வெயிலுக்கு வாசல் கதவை ஆவென்று திறந்து போட்டு, நடையில் பாய் விரித்து உட்கார்ந்துவிடுவாள். ஏன் அம்மணி இப்படி என்று கேட்டால், "ராத்திரீன்னா எல்லாருந்தான் பயப்படுவாங்க. எங்கூர்ல உச்சிப்பொழுதுலதாங்க கெணத்துமேட்டுப் பக்கம் போகாதேம்பாங்க. நம்ம நெழலு நம்ம காலுக்கடியில போயிருமுங்க பாருங்க, அந்நேரந்தான் அதுகளுக்கு நேரம்" என்பாள். சொல்லும்போதே கை மயிர் எழும்பி நிற்கும். அதையும் எனக்கு நீட்டிக் காட்டுவாள், வளையல் வாங்கினவள் காட்டுகிற மாதிரி.

ஒருநாள் மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டேன். எடுக்கலாம் என்று மத்தியானம் திரும்பி வந்து சத்தம் காட்டாமல் நிலைப்படியில் நின்றேன். குனிந்து படித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்து அலறிய அலறலில் எதிர்வீட்டுக்காரர் கையில் சோற்றோடு ஓடி வந்தார். நான் தெருவுக்கே கேட்கிறபடி திட்டினேன். அவளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அய்யோ மாமா, நூத்துப் பத்தாம் பக்கத்துல கரெக்டா வந்து நின்னுபோட்டீங்க!"

அவளுக்கென்று ஒரு தரவரிசை உண்டு. வெட்டும் குத்துமாக ரத்தம் வழிகிற கதைகளை ஒதுக்கிவிடுவாள். "ரத்தம் பார்க்கோணும்னா ஞாயித்துக்கெழமை கறிக்கடைக்குப் போனாப் பத்தாதுங்களா?" அவளுக்கு உயிரான நாவல் ஒன்றில் பேயே கிடையாது. ஒரு கூட்டுக்குடும்பத்தில் தினமும் பந்தியில் இலை போடும்போது ஆள் கணக்குக்கு மேல் ஓர் இலை விழுந்துவிடும், அவ்வளவுதான். யார் போட்டது என்று கடைசி வரை தெரியாது. இன்னொன்றில் ஒரு கிணறு. யார் பேரைக் கூப்பிட்டாலும் எதிரொலிக்கும், கூப்பிட்டவன் தன் பேரைச் சொன்னால் மட்டும் பதில் வராது. இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரிந்ததில்லை. "வராத பேய்தானுங்க பெரிய பேய்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள்.

ஒருமுறை எரிச்சலாகவே கேட்டேன். மனுசன் நிஜத்தில் படுகிற பாடு போதாதென்று காசு கொடுத்து எதற்குப் பயப்பட வேண்டும்? அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "நெசத்துல வர்ற பயத்த மூடி வெக்க முடியாதுங்க மாமா. இதுன்னா மூடி வெச்சுப்போட்டு நான் போயி பால் காய்ச்சலாம்." எவ்வளவு பெரிய பேச்சு அது! எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை, காப்பி எங்கே என்று கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை தலைவலி என்றாள். வெள்ளிக்கிழமை அவள் இல்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் அக்கா கையில் எடுத்துக்கொண்டார். சொந்தபந்தங்களுக்குப் போன் போட்டுச் சேதி சொன்னது, வெளிநாட்டில் இருக்கிற மகளுக்குப் பக்குவமாகச் சொன்னது, சுவரொட்டிக்குப் போட்டோ எடுத்துக் கொடுத்தது, எல்லாம் அவர்தான். நான் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. தைரியசாலி என்று நாலு பேர் மெச்சியது காதில் விழுந்தது. தைரியமாவது மண்ணாவது, உள்ளே ஒன்றுமே இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் அக்கா அலமாரியைத் திறந்தார். "கண்ணு, எழவு உழுந்த ஊட்டுல இந்தக் கருமமெல்லாம் எதுக்கு? இதையப் படிச்சுப் படிச்சுத்தான் வெனைய இழுத்துக்கிட்டா. போட்டுரு" என்றார். "சரீங்கக்கா" என்றேன். எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் எதைச் சொன்னாலும் சரீங்க என்பதுதான் பதில். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்கிற வழக்கம் கிடையாது. சரீங்க என்று சொல்லிவிட்டு அந்தக் காரியத்தைச் செய்யாமல் விட்டுவிடுவோம், அதுதான் எங்கள் ஊர் மறுப்பு. அக்காவுக்கும் அது தெரியும், ரெண்டு மாதம் முணுமுணுத்துவிட்டு விட்டிருப்பார். அந்த வழக்கத்தில் நான் முதல் பாதியைத்தான் செய்தேன். சரீங்க சொன்ன கையோடு கயிற்றையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏழு மாதம் அப்படியே ஓடியது. சோறு தின்றேன், பட்டறைக்குப் போனேன், தூங்கினேன். ஒருநாள் யாரோ லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற சக்கை முறுக்கும் சாவியைக் கழற்றாமல் மோட்டாரைப் போட்டுவிட்டார்கள். அரைக் கிலோ இரும்பு என் காதை உரசிக்கொண்டு பறந்து சுவரில் மோதி விழுந்தது. வேலையாட்கள் கத்தினார்கள். நான் போய் அதை எடுத்துத் துடைத்து அது இருக்க வேண்டிய இடத்தில் மாட்டினேன். நெஞ்சு ஒருமுறைகூடப் படபடக்கவில்லை. போர்மேன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பயத்துக்கென்றே தினமும் ரெண்டு மணி நேரம் ஒதுக்கி வைத்திருந்தவளோடு குடித்தனம் நடத்திய ஆள், பயப்படக்கூட வக்கில்லாமல் நிற்கிறேன் என்று தோன்றியது. அவள் புத்தகம் ஒன்றாவது வேண்டும் என்று அப்போதுதான் மனது கேட்டது.

பேப்பர்காரரைத் தேடிப் பிடித்தேன். நல்ல புத்தகமாக இருந்தால் உக்கடம் பஸ் ஸ்டாண்டை ஒட்டின பழைய புத்தகக் கடைக்குத் தள்ளிவிடுவேன் என்றார். மறுநாள் மத்தியானமே பஸ் ஏறினேன். கடைக்கார பாய், நான் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள், "பென்சில்ல எழுதியிருக்குமே, அதுங்களா?" என்றார். அடுக்கின் அடியிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தார். "இந்த ஒன்னுதாங்க மிச்சம். அதுவும் ஒரு அம்மாவுக்குன்னு எடுத்து வெச்சிருக்கறேன். பார்த்துட்டுக் குடுங்க."

காதில் பென்சிலைச் செருகிக்கொண்டுதான் படிப்பாள், அது தெரியும். எழுதுவாள் என்பது எனக்குத் தெரியாது. ஓரமெல்லாம் அவள் கையெழுத்து. 'இங்கே குக்கர் கத்தித் தூக்கிவாரிப் போட்டது.' 'இது பேய் இல்லை, மாமியார்.' 'நாற்பது பக்கம் ஒன்றுமே நடக்காது, பொறுத்துப் படி.' நூற்றுப் பத்தாம் பக்கத்தில், 'மாமா வந்து நின்றார். செத்தேன்.' எல்லாவற்றையும் படித்தேன். அப்போதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு ரசீதைச் சரிபார்க்கிற மாதிரி பக்கம் பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

அந்நேரம் அந்தப் பெண்மணி வந்தார். நாற்பது வயதிருக்கும், கழுத்தில் தையல்காரர்கள் போடுகிற டேப், கையில் சோற்றுப் பை. என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்ததும் முகம் வாடியது. "ஏனுங்ணா, அதைய நீங்க வாங்கிட்டீங்களா?" என்றார். எங்கள் வீட்டிலிருந்து வந்ததுதான் என்றேன். அவ்வளவுதான், முகம் மலர்ந்துவிட்டது. "அட, அந்தக்கா உங்க ஊடுங்களா! இருவது புக்கு வாங்கிட்டனுங்க. கதைய விட அந்தக்கா எழுதுனதுக்காகத்தாங்க படிக்கிறது. தனியா இருக்கறவளுக்குக் கூட ஒரு ஆளு உக்காந்து பயப்படற மாதிரி இருக்குதுங்க. அந்தக்கா இப்ப என்னங்க படிச்சிட்டிருக்காங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பக்கத்தில் அக்கா இல்லை, சொல்வதற்கு வேறு யாருமில்லை. "அவ செத்துப்போயிட்டாளுங்க" என்றேன். சொல்லி முடித்ததும் கையிலிருந்த புத்தகம் நழுவி விழுந்தது. நான் இனி எந்த வீட்டுக்குப் போவேன் என்று ஒரு பயம் வந்தது பாருங்கள், அப்படியொரு பயத்தை நான் பட்டதில்லை. கடையில் கட்டி வைத்திருந்த புத்தகங்களின் மேலேயே உட்கார்ந்து, ஐம்பத்தெட்டு வயது ஆள், பஸ் ஸ்டாண்டே பார்க்க ஓவென்று அழுதேன். அந்தப் பெண்மணி சோற்றுப் பையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து நீட்டிக்கொண்டு நின்றார். ஏழு மாதமாக ஊரெல்லாம் பேசிவிட்ட சேதியை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாக ஒருவருக்குச் சொன்னேன். அப்போதுதான் நானும் அதைக் கேட்டேன்.