ரூபா பிடித்த பச்சைச் சட்டை

நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவார்கள். நாகபூஷணம் பேசினால் அவர்களே காதைப் பொத்திக்கொள்வார்கள். மனைவி இந்திராணி குவைத்தில் ஒரு வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போன பிறகு, வெள்ளிக்கிழமைதோறும் சிட்டிபாபுவின் எஸ்டிடி பூத்துக்கு அவளிடமிருந்து போன் வரும். கதவைச் சாத்திக்கொண்டுதான் நாகபூஷணம் பேசுவார். ஆனாலும் தெருமுனைவரை கேட்கும்.

"உனுக்கு இன்னாத்துக்குண்ணா போனு? வாசல்ல நின்னு ஒரு கொரல் குடு, குவைத்துக்கே கேக்கும்" என்பான் சிட்டிபாபு.

இந்திராணி கேட்பதெல்லாம் மகள் ரூபாவைப் பற்றித்தான். இவரும் வாரம் தவறாமல் ஒரே பதிலைச் சொல்வார். "நல்லாக்கீறா. நல்லா துன்றா. நல்லா தூங்கறா."

ரூபா பிறந்தபோது சித்தூர் ஆஸ்பத்திரி டாக்டர், குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் என்றார். நாகபூஷணத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "டவுன் சீக்கு எப்படி சார் வரும்? பிரசவத்துக்குன்னு இப்பத்தான் டவுனுக்கே வந்துக்கீறோம்!" அது கண்டுபிடித்தவருடைய பெயர் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். எல்லாக் குழந்தைகளும் செய்வதை இவளும் செய்வாள், கொஞ்சம் தாமதமாகச் செய்வாள், இதயம், கண், காது, தைராய்டு எல்லாவற்றையும் அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். இதயத்தில் இருந்த சின்ன ஓட்டை தானாகவே மூடிக்கொண்டது. அத்தோடு ஆஸ்பத்திரிக்கும் தனக்கும் உள்ள சம்பந்தம் முடிந்தது என்று நாகபூஷணம் தீர்மானித்துவிட்டார். ஊசி என்றாலே அவர் ஓடிவிடுவார்.

ஏழு வயதில் ரூபா தலையை ஒரு பக்கம் சாய்த்துத்தான் எதையும் பார்ப்பாள். "எம் பொண்ணு ஸ்டைலப் பாரு" என்று நாகபூஷணம் பெருமைப்படுவார். டிவியில் மூக்கு இடிக்கிற அளவுக்கு ஒட்டி நின்று பார்ப்பாள். யார் வந்தாலும் முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுபோய் உற்றுப் பார்ப்பாள். பாசம் என்றார் நாகபூஷணம். கண்ணில் எப்போதும் நீர் வடியும், அவள் கசக்கிக்கொண்டே இருப்பாள். தூசி என்றார்.

ஒருநாள் புத்தூருக்குப் போவதற்காக இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். முறுக்கு வாங்க நாகபூஷணம் மகளின் கையை விட்டார். அதே நேரத்தில் பலமனேரிலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து தமிழ்வேந்தன் என்ற இளைஞன் இறங்கினான். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பெண் பார்க்க வந்திருந்தான். வரவேற்கப் பெண்ணின் தாய்மாமன் துலுக்காணம் சைக்கிளோடு நின்றிருந்தார். ரூபா நேராகப் போய்த் தமிழ்வேந்தனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நைனா, முறுக்கு."

துலுக்காணம் குழந்தையைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். "தம்பி, இது யாரு?"

"சத்தியமா தெரியாதுங்க."

"நைனா!" என்று ரூபா இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"கொயந்த பொய் சொல்லுமா?" என்றார் துலுக்காணம். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டார்.

நாகபூஷணம் முறுக்கோடு ஓடிவந்தார். "அய்யய்யோ, அது எம் பொண்ணுங்க!"

"உம் பொண்ணு இவர ஏன்யா நைனான்னு கூப்புட்றா?"

விஷயம் இன்னும் மோசமானது. கடைசியில் நாகபூஷணம் பெண் வீட்டுக்கே போய்க் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. நல்லவேளையாக அந்த வீட்டுக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். மணப்பெண் தாட்சாயணி உள்ளறையில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். ரூபா தன் தட்டுக் கேசரியையும் மாப்பிள்ளை தட்டுக் கேசரியையும் சாப்பிட்டு முடித்தாள்.

தமிழ்வேந்தன் மட்டும் சிரிக்கவில்லை. வாசல்வரை வந்து சொன்னான். "அண்ணே, உங்க சட்ட நீலம், என்னுது பச்ச. உங்களுக்கு இம்மாம்பெரிய மீச கீது, எனக்கு இல்ல. பக்கத்துல நின்னுக்கினே அவ என்னை நைனான்றா. பாப்பாவுக்குக் கண்ணு சரியா தெர்ல போலண்ணே. டாக்டர்கிட்ட காமிங்க."

வீட்டுக்கு வந்தும் நாகபூஷணத்துக்கு மனசு கேட்கவில்லை. ரூபா கடையிலிருந்து திரும்பி வரும்போது சந்தின் நடுவில் போய் வாயைத் திறக்காமல் நின்றார். அவர் அப்படி நின்றது அவர் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. ரூபா அவரைத் தாண்டி நடந்து போனாள்.

"ரூபா" என்றார், மெதுவாக. அவள் நிற்கவில்லை. "ரூபா!" என்று கத்தினார். சட்டென்று திரும்பி ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். இத்தனை வருஷமும் அவள் தன்னைக் குரலால்தான் அடையாளம் கண்டிருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த வெள்ளிக்கிழமை போனில் அவர் "நல்லாக்கீறா" என்று சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். இந்திராணி அழுதாள், திட்டினாள், பிறகு மாப்பிள்ளை கதையை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

திருப்பதியில் கண் டாக்டர் பிரேமலதா தெலுங்கில் பேசினார். பரிசோதனைக்கு முன்னால் கண்ணில் சொட்டு மருந்து விட வேண்டும். ரூபா இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டாள். கெஞ்சினாலும் திறப்பதாக இல்லை.

"மொதல்ல எனக்கு விடும்மா. எரியலன்னு கொயந்த பாக்கட்டும்" என்றார் நாகபூஷணம். நர்ஸ் மறுத்தும் கேட்கவில்லை. சரி, ஐயாவுக்கும் கண்ணைப் பார்த்துவிடலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். சொட்டு விழுந்தது.

"அம்மாடியோவ், எரியுதே!"

வராந்தா முழுக்க எழுந்து நின்று பார்த்தது. ரூபாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வாயோடு கண்ணும் திறந்தது. நர்ஸ் அந்த இடைவெளியில் இரண்டு கண்ணிலும் விட்டு முடித்தார்.

தூரத்தில் இருப்பது தெரிய ரூபாவுக்கு நிறைய பவர் தேவைப்பட்டது. கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கவும் கண்ணுக்குப் போதிய பலம் இல்லை, இந்தக் குழந்தைகளுக்கு இது சகஜம் என்றார் டாக்டர். அதனால் மேலே ஒரு பவர், கீழே ஒரு பவர் என்று இரட்டைக் கண்ணாடி எழுதினார். இமை ஓரத்தை வெந்நீரில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். கசக்க விடக்கூடாது, கசக்கினால் கருவிழி கெடும். வருஷா வருஷம் வர வேண்டும். காதையும் தைராய்டையும் இன்றைக்கே பார்த்துவிட வேண்டும்.

ரத்தம் எடுக்க ரூபா மகாராணி மாதிரிக் கையை நீட்டினாள். ஊசி உள்ளே போனதும் கீழே விழுந்தது நாகபூஷணம். இரண்டு பேருக்கும் பிஸ்கட் கொடுத்தார்கள்.

திரும்பும்போது, கண்ணில் விட்ட மருந்தின் வேகத்தில் அவருக்குப் பஸ் போர்டு ஒன்றும் புரியவில்லை. யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்பது கௌரவக் குறைச்சல் என்று மங்கலாகத் தெரிந்த ஒரு போர்டை நகரி என்று படித்து ஏறிவிட்டார். டிக்கெட் வாங்கும்போதுகூட "கடைசி ஸ்டாப்புக்கு ரெண்டு" என்றார். பஸ் அவர்களைப் பிச்சாட்டூரில் கொண்டுபோய் இறக்கியது. ஏரிக்கரைக் காற்று நன்றாக இருந்ததால் ரூபாவுக்கு அதில் எந்த வருத்தமும் இல்லை.

கண்ணாடி வந்த அன்றே அவள் அதைச் சாக்கடையில் போட்டாள். கழுவி மாட்டினால் வழுக்கி வாய்க்கு வந்தது. மூக்குத் தண்டு தாழ்ந்திருப்பதால் நிற்கவில்லை. நாகபூஷணம் தறி நூலால் கட்டிப் பார்த்தார், காது சிவந்தது. கடைசியில் கண்ணாடிக் கடைக்காரரே பின்பக்கம் எலாஸ்டிக் பட்டை வைத்த பிளாஸ்டிக் பிரேம் போட்டுக் கொடுத்தார். தெருப் பிள்ளைகள் "தாத்தா கண்ணாடி" என்று கேலி செய்தார்கள்.

ரூபா காதில் வாங்கவில்லை. அன்றைக்கு அவள் கூரையில் இருந்த பல்லியைப் பார்த்துவிட்டாள். அது நகர்வதையும் பார்த்தாள். அதற்கப்புறம் கண்ணாடியைக் கழற்றவே விடவில்லை, குளிக்கும்போது கழற்றினாலும் அழுதாள். சாதத்தில் இருந்த கறிவேப்பிலையை ஒவ்வொன்றாக எடுத்து அப்பாவின் தட்டில் வைத்தாள். பக்கத்து வீட்டு மணியம்மாவை வாசலிலிருந்தே பார்த்து, "அத்தைக்கு மீச!" என்று அறிவித்தாள். மணியம்மா இரண்டு நாள் வெளியே வரவில்லை.

தைராய்டு குறைவாக இருந்ததற்குத் தினமும் காலையில் ஒரு மாத்திரை. காதுக்குள் ஏகப்பட்ட அழுக்கு அடைத்திருந்தது. இந்தக் குழந்தைகளுக்குக் காதுத் துளை குறுகலாக இருக்குமாம், அதனால் சுலபமாக அடைக்குமாம். அதை எடுத்த பிறகு நாகபூஷணம் வழக்கம்போல "ரூபா, துன்ன வா!" என்று கூப்பிட்டார். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"கத்தாத நைனா!"

தெருவே கைதட்டியது. எத்தனை வருஷமாக எல்லோரும் சொல்ல நினைத்தது!

தமிழ்வேந்தன், தாட்சாயணி கல்யாணத்துக்கு இவர்களுக்கும் பத்திரிகை வந்தது. ரூபா முன்வரிசையில் உட்கார்ந்து, மாப்பிள்ளையைச் சரியாக "மாமா" என்று கூப்பிட்டாள். துலுக்காணம் நிம்மதியாகப் பந்திக்குப் போனார்.

அடுத்த வருஷம் இந்திராணி லீவில் வந்தாள். சென்னை விமான நிலையத்தில் அவள் ஓடிவந்து குனிந்ததும், ரூபா கண்ணாடியின் மேல்பாகத்தால் ஒரு தடவையும், கீழ்ப்பாகத்தால் ஒரு தடவையும் அம்மாவை நிதானமாகப் பார்த்தாள்.

"அம்மா, தல வெள்ள" என்றாள் ரூபா. பிறகு பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்டாள்.