உள்ளதைச் சொன்ன மெக்கானிக்

பஸ் டிப்போவில் அந்த மெக்கானிக்குக் கிண்டலாக 'அல்லேலூயா' என்று பெயர் வைத்திருந்தார்கள். வைக்க மாட்டார்களா பின்னே! ஒரு காலத்தில் அவர் வாயைத் திறந்தால் பக்கத்தில் நிற்பவன் காதைப் பொத்திக்கொள்வான். குடித்துவிட்டு எங்கே விழுந்து கிடக்கிறாரோ என்று அவர் மனைவி தேடி அலையாத தெரு கிடையாது. அவள்தான் அழுது மன்றாடி, பிடித்து இழுக்காத குறையாகச் சபைக்குக் கூட்டிப்போனாள். போனவர் பேருக்குப் போகவில்லை, முழுசாகப் போய்விட்டார். வினையே அங்கேதான்.

டிப்போவில் ஒரு வழக்கம் உண்டு. சக்கரத்து நட்டை முறுக்கி முடித்ததும் அதன்மேல் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுப்பார்கள். கோடு இருந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம், அப்புறம் யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. மனைவியின் தம்பிக்கும் அங்கேதான் வேலை. தாயில்லாத அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள். கெட்டவன் இல்லை, சரியான அவசரக்குடுக்கை. முதலில் எல்லா நட்டுக்கும் கோட்டைப் போட்டுவிட்டு, பிறகுதான் முறுக்குவான். ஒருநாள் கோடு போட்ட கையோடு யாரோ கூப்பிட, எழுந்து போனான். திரும்பி வந்தவன் கோட்டைப் பார்த்து, முறுக்கியாச்சு என்று அடுத்த வண்டிக்குப் போய்விட்டான்.

மறுநாள் ஓடுகிற பஸ்ஸில் சக்கரம் கழன்றது. டிரைவருக்கு ஒரு கால் போயிற்று. கண்மண் தெரியாமல் ஓட்டினார் என்று பழியையும் அவர் தலையிலேயே கட்டினார்கள். சாயங்காலம் தம்பி வந்து தேம்பித் தேம்பி அழுதான்.

"நான் முறுக்கவே இல்ல அத்தான்!"

"நீயே போய்ச் சொல்லிடுடா. நான் கூட வர்றேன்."

அவனுக்குத் துணிச்சல் வரவில்லை. விசாரணைக்கு மெக்கானிக்கைக் கூப்பிட்டபோது மனைவி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியாதுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

"அதுவும் பொய்தானேம்மா. அந்த மனுஷன் காலும் போயி, பேரும் கெட்டுக் கெடக்குறாரு. நான் எந்த வாயால ஜெபம் பண்றது?"

"ஆண்டவரப் பின்பற்றத்தான சொன்னேன்? என் தம்பியக் காவு குடுக்கவா சொன்னேன்?"

சட்டையிலிருந்து அவள் கையை மெல்ல விலக்கினார். அழுதுகொண்டே போய் உள்ளதைச் சொன்னார்.

டிரைவர்மேல் இருந்த பழி நீங்கியது. தம்பிக்கு வேலை போய், ஜெயிலும் கிடைத்தது. டிப்போவில் 'அல்லேலூயா' போய் 'யூதாஸ்' வந்தது. பார்க்கப் போனபோது டிரைவராவது நல்ல வார்த்தை சொன்னாரா? "உங்க வீட்டாளு பண்ண வேலைதான?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மனைவி வீட்டை விட்டுப் போய்விடவில்லை. சமைக்கிறாள், தட்டை அவர் முன்னால் வைக்கிறாள், பேச்சு மட்டும் கிடையாது. தினமும் குடும்ப ஜெபத்தில் அவள்தான் வாய்விட்டு ஜெபிப்பாள். ஜெயிலில் இருக்கும் தம்பிக்காக, பக்கத்து வீட்டு நோயாளிக்காக, அந்த டிரைவருக்காகக்கூடப் பேர் சொல்லி வேண்டுகிறாள். புருஷன் பேர் மட்டும் வருவதில்லை. பக்கத்தில் முழங்காலில் நிற்கும் அவர், இன்றைக்காவது வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறார். அவள் ஜெபத்தை முடித்துவிடுகிறாள். அவரும் "ஆமென்" என்கிறார்.