கிணற்றில் இறங்கும் கயிற்றின் நுனி

சென்னைக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில், லிஃப்டுகளைத் தாங்கும் இரும்புக் கயிறுகளின் நுனியை வடிவமைப்பது என் வேலை. கயிற்றை எதிலாவது கட்டியாக வேண்டும்; அந்தக் கட்டு நழுவாமல் இருக்க வேண்டும். என் கவலை அவ்வளவுதான். கல்யாண வீட்டுப் பந்தல் கயிற்றைக்கூட இழுத்துப் பார்ப்பவள் என்று வீட்டில் கேலி பேசுவார்கள். பேசட்டும்.

அண்ணன் கிணறு வெட்டுகிறவன். கிரேன் கயிற்றில் தொங்கும் பக்கெட்டில் நின்றபடி உள்ளே இறங்கி, பாறையை உடைத்து மேலே அனுப்புவான். அந்தக் கூலியில்தான் நான் படித்தேன். பயமாக இல்லையா என்று கேட்டால், "பழகிப்போச்சு பாப்பா" என்று சிரிப்பான். எனக்குத்தான் பழகவில்லை.

இந்தக் கோடையில் லீவுக்கு ஊருக்கு வந்தபோது, கச்சிராயபாளையம் பக்கம் ஒரு கரும்புக் கொல்லையில் அவனுக்கு வேலை. சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் கயிற்றைப் பார்க்கப் போனேன். பக்கெட் மாட்டும் இடத்தில் கயிற்றை வளைத்து மடித்து, மூன்று கிளாம்ப் போட்டிருந்தார்கள். கிளாம்ப் என்பது 'ப' போல வளைந்த ஒரு கம்பி, அதன் வாயை மூடும் ஒரு இரும்புக் கட்டை, இரண்டையும் இறுக்கும் மரைகள். பாரம் தாங்கும் கயிறு கட்டையின் மேல் உட்கார வேண்டும். வளைந்த கம்பி, மடித்த பிறகு மிஞ்சும் கயிற்று வாலைத்தான் கடிக்கலாம். இவர்கள் ஒன்றை இப்படியும் அடுத்ததை அப்படியுமாக மாற்றிப் போட்டிருந்தார்கள். நடுக் கிளாம்ப் பாரக் கயிற்றையே நசுக்கி, சில இழைகள் அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன.

"இத யாரு போட்டது?" என்றேன். குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது.

"நாந்தாம்மா," என்றார் மேஸ்திரி. "ரெண்டு பக்கமும் சமமா புடிக்கட்டும்னு போட்டன். இங்க எல்லாரும் இப்டிதாங்க போடுறாங்க."

இதில்தான் அண்ணன் தினமும் ஏறி இறங்கியிருக்கிறான். கெட்ட நுனியை வெட்டச் சொன்னேன். புதிதாக மடித்து, மூன்றையும் ஒரே பக்கமாகப் போட்டு முடுக்கினேன். பக்கெட் நிறையக் கல்லை ஏற்றித் தூக்கவைத்தேன். பாரம் ஏறினால் கயிறு சற்று மெலியும், மரை தளரும். அதனால் இறக்கி, மறுபடியும் முடுக்கினேன். வேலை கெட்டுப்போகிறது என்று ஆட்கள் முணுமுணுத்தார்கள்.

அண்ணன் பக்கெட்டில் கால் வைக்கப் போனான். மேஸ்திரி தடுத்தார்.

"இருப்பா. கட்டு மாத்துனா கட்டுனவங்கதான் மொதல்ல எறங்கணும். எங்க வழக்கம் அது." பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க வாணாம்மா. உங்களுக்குப் பதிலா நான் எறங்குறன்," என்றார்.

அவர் நக்கலாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன். அவர் நிஜமாகவே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நான் கட்டுனதுக்கு நீங்க ஏங்க எறங்கணும்?" என்று துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு ஏறினேன்.

லிஃப்டில் நானும்தான் தினம் போகிறேன். அங்கே கதவு மூடிக்கொள்ளும், கயிறு கண்ணில் படாது. இங்கே என் தலைக்கு மேலே மூன்று கிளாம்ப். தேவையைவிடப் பல மடங்கு பலம் இருக்கிறது என்று கணக்கு தெரியும். தெரிந்தும் பக்கெட்டின் விளிம்பிலிருந்து கையை எடுக்கவில்லை. பக்கெட் மெல்லச் சுழன்றபடி இறங்க, பாறைச் சுவர் என்னைச் சுற்றி வந்தது. அடியில் ஈரத்தில் கால் பட்டதும் எதற்கென்று தெரியாமல் அழுகை வந்தது. அழுது முடித்துவிட்டுத்தான் தூக்கச் சொல்லிக் குரல் கொடுத்தேன்.

மேலே வந்ததும் அண்ணன் கைகொடுத்து இறக்கினான்.

"இன்னா பாப்பா, பயந்துக்கினியா?"

"ஆமாண்ணா."

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எனக்கும் தெனம் அப்டித்தான் இருக்குது," என்று மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னான். சொல்லிவிட்டுப் பக்கெட்டில் ஏறி நின்றான்.