ஈரக் கையோடு வாங்கியவர்

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் தேர்வுக் கண்காணிப்புப் பட்டியல் வந்துகொண்டிருந்தது. யாருக்கு எந்த அறை, யாருக்கு மாற்றம். அதற்கு நடுவில் தலைமையாசிரியை ஒரு வரி போட்டிருந்தார். நம் அலுவலக எழுத்தர் ஞானதுரை அதிகாலையில் மாரடைப்பால் இறந்துவிட்டார். முந்தைய செய்திக்குப் போட வேண்டிய கட்டைவிரல் குறியை யாரோ அவசரத்தில் அந்த வரிக்குப் போட்டிருந்தார்கள். அடுத்த நொடி அது காணாமல் போயிற்று.

சமையலறைக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள்.

"நேத்து ராத்திரி சாப்ட்டாராமா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. குழுவில் அதையெல்லாம் எழுதுவதில்லை.

பள்ளியில் தலைமையாசிரியையைத் தவிர எல்லோருக்கும் அவர் அண்ணன். சம்பளப் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், விடுப்புக் கணக்கு என்று அவர் பார்த்த வேலைகளை நாளை வேறொருவர் பார்ப்பார். ஆனால் இந்த அஞ்சலிக் குறிப்பைப் படிக்கும், அவரோடு வேலை செய்த உங்களில் பலருடைய வீட்டில் அவர் வாங்கிவந்த ஏதோ ஒன்று இந்த நிமிடமும் உழைத்துக்கொண்டிருக்கும். சிங்க் ஓட்டையை மூடும் சல்லடை. வெட்டிய பால் பாக்கெட்டைக் கவ்விப் பிடிக்கும் கிளிப். காற்றுக்கு அடிக்கும் கதவின் கீழே செருகும் ரப்பர் ஆப்பு. இரண்டு டீ, நான்கு வடையின் விலைக்குள் அடங்குபவை. ஃபிரிட்ஜ் வாங்க யாராவது யோசனை கேட்டால், "அதக் கடைக்காரன் சொல்வான்" என்று ஒதுங்கிக்கொள்வார்.

அறிவியல் ஆசிரியர் சேகர் சமயநல்லூரில் வீடு கட்டிப் பால் காய்ச்சிய நாள் உங்களுக்கு நினைவிருக்கும். நாங்கள் எல்லோரும் சேர்ந்து சுவர்க்கடிகாரம் வாங்கிப் போயிருந்தோம். சொந்தக்காரர்களும் சுவர்க்கடிகாரம்தான் கொண்டுவந்திருந்தார்கள். ஞானதுரை அண்ணன் பஸ்ஸிலிருந்து இறங்கினார். தோளில் நீளமான கம்பு. நுனியில் ரப்பர் பட்டை. காகிதம்கூடச் சுற்றவில்லை.

"என்னண்ணே, நல்ல நாளும் அதுவுமா தொடப்பத்தத் தூக்கிட்டு வாரீக?" சேகர் வாசலிலேயே சிரித்துவிட்டார்.

"தொடப்பம் இல்ல மாப்ள, தண்ணி தள்ளுறது. ஒன் பாத்ரூம் தளத்துல வாட்டம் சரியில்ல. கொத்தனார் வேல பாக்கயிலயே பாத்தேன்."

"அத இன்னைக்கா சொல்லணும்?"

"இன்னைக்குத்தான குடிவார?"

சேகரின் மனைவிக்கு முகம் சுருங்கிவிட்டது. வாங்கி, யார் கண்ணிலும் படாமல் கொல்லைப் பக்கம் சாத்திவிட்டு வந்தார். பள்ளியின் ஆண்டு விழாவுக்கு வந்தபோது அவரே அண்ணனைத் தேடிப் போய்ச் சொன்னார். "ஏழு கடிகாரமும் அட்டப்பெட்டிலதான் இருக்குண்ணே. நீங்க குடுத்ததுதான் தெனமும் கையில இருக்கு." அண்ணன் சிரிக்கவில்லை. "ரப்பர் தேஞ்சிருச்சாம்மா?" என்று கேட்டார்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. யார் வீட்டுக்குப் போனாலும் காப்பி குடித்த டம்ளரை அவரே எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விடுவார். கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வருவார். நம் பக்கம் ஆண் விருந்தாளி இதைச் செய்தால் வீட்டில் பதறிப்போவார்கள். "ஐயோ, வைங்க சார்" என்று பின்னாலேயே ஓடுவார்கள். அந்த ஒரு நிமிடம் அவருக்குப் போதும். அந்த அடுப்படியில் எது சிரமம் என்று பார்த்துவிடுவார். வாய்விட்டுக் கேட்கமாட்டார். "கேட்டா ஒண்ணும் வேணாம்பாக. சிரமம் பழகிப்போச்சுன்னா அது கண்ணுக்குத் தெரியாது தம்பி."

திருநகரில் எங்கள் வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அண்ணன் ஏதோ படிவத்தில் என் கையெழுத்து வாங்க வந்தார். காப்பி குடித்தார். டம்ளரைக் கழுவினார். உள்ளே அம்மாவும் அவரும் தணிந்த குரலில் ஏதோ பேசினார்கள். எனக்குக் கேட்கவில்லை. நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை ஸ்பானரோடு வந்து நின்றார். சமையலறையில் இருந்த திருகு குழாயைக் கழற்றினார். நீளக் கைப்பிடி வைத்த குழாயைப் பொருத்தினார். விரலே வேண்டாம், மணிக்கட்டால் தள்ளினால் தண்ணீர் வரும்.

"பழசு நல்லாத்தான இருந்துச்சு?" என்றேன்.

அம்மா முந்திக்கொண்டாள். "ஒழுகுச்சுடா. நீ எங்க பாத்த?"

ஒழுகவில்லை. அது எனக்குத் தெரியும்.

பிறகு ஒரு கேஸ் லைட்டர் வந்தது. பாட்டில் மூடிகளைப் பிடித்துத் திருக ஒரு ரப்பர் வட்டு. பிடி தடித்த கத்தி. எல்லாம் நான் வீட்டில் இல்லாத நேரத்தில் வந்தவை. எனக்கு எரிச்சல். எங்கள் வீட்டின் குறைகளை ஒருவர் வந்து எண்ணிப் போகிறார் என்று தோன்றியது. ஒருநாள் அலுவலகத்தில், மற்றவர்கள் இருக்கும்போதே சொன்னேன்.

"எங்க வீட்டுல எல்லாம் இருக்குண்ணே. நீங்க வாங்கித் தந்துதான் நாங்க பொழைக்கணும்னு இல்ல."

அவர் பதிவேட்டிலிருந்து தலையை உயர்த்தினார். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் நான் கூசிப்போயிருப்பேன். அவர் சொல்லவில்லை.

"சரி தம்பி" என்றார்.

எட்டு மாதம் போயிற்று. சென்னையில் ஒரு கல்லூரியிலிருந்து எனக்கு வேலை உத்தரவு வந்தது. நிரந்தர வேலை. நான்கு வருடமாகத் தற்காலிகமாக இருந்தவனுக்கு அது எவ்வளவு பெரிது என்று உங்களுக்குத் தெரியும். அந்த வாரம் அண்ணன் என்னை சைக்கிள் நிறுத்துமிடத்துக்குக் கூட்டிப்போனார். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன் தம்பி. அம்மாவுக்கு வெரல மடக்கி நீட்ட முடியல."

எனக்குப் புரியவில்லை.

"அன்னைக்கு டம்ளர் கழுவப் போனேன்ல. ஊறுகா பாட்டிலுக்கு மூடியில்ல, தட்ட வச்சு மூடியிருந்துச்சு. அடுப்புக்குப் பக்கத்துல தீக்குச்சி அம்புட்டும் ஒடஞ்சு கெடந்துச்சு. குழாய்ல துணியச் சுத்தி வச்சிருந்தாக. என்னம்மான்னேன். அழுதுட்டாக. 'புள்ள சென்னைக்கு எழுதிப் போட்டிருக்கான், தெரிஞ்சா போகமாட்டான், சொல்லிராதீக'ன்னாக. நானும் வாக்குக் குடுத்துட்டேன். போன வாரம் போனப்ப குப்பக்கூடையில பூராம் மாத்தர அட்ட. மருந்துக்கடையில அவுகளாவே வாங்கி முழுங்கியிருக்காக. குழாய மாத்தலாம் தம்பி. வெரல மாத்த முடியாதுல்ல."

நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். அந்த ஊறுகாயைத்தான் தின்றேன்.

முடக்குவாதம் என்றார் மருத்துவர். முன்னாலேயே வந்திருக்கலாமே என்றார். வலது கையின் இரண்டு விரல்கள் இனி முழுதாக நிமிராது. மற்றவற்றை மருந்து காப்பாற்றும். மறுநாள் அலுவலகத்தில் அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"வலிக்கு வசதி பண்ணிக் குடுத்துட்டேன் தம்பி. அதத்தான் செஞ்சிருக்கேன்."

அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் இந்த வாக்கியம் வந்துவிடுகிறது. அஞ்சலிக் குறிப்பில் எழுதக்கூடாதோ என்று யோசித்தேன். எழுதாவிட்டால் அது வேறு யாரோ ஒரு ஞானதுரையைப் பற்றிய குறிப்பாகிவிடும். அவர் தவறு செய்தார். தவறை அவரே வந்து சொன்னார். கொடுத்த வாக்கை உடைத்தால் எங்கள் வீட்டு வாசல் தனக்கு மூடிவிடும் என்று தெரிந்துதான் சொன்னார்.

நான் அன்று அலுவலகத்தில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"என்னைக்கு?" என்றார்.

நான் சென்னைக்குப் போகவில்லை. அம்மா அதற்கு என்னைத் திட்டவில்லை. "அந்த மனுசன் வாய மூடிட்டு இருந்திருந்தா நீ இந்நேரம் சென்னையில இருந்திருப்ப" என்றாள். இனி அவர் இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்றாள். சில நாள் மாலைகளில் எனக்கும் சென்னை நினைவு வரும். அதை மறைக்க வேண்டியதில்லை.

அண்ணன் வரவில்லை. பொருள்கள் வந்தன, என் பையில். ஒருமுறை வாங்கும்போதே என்னையும் அழைத்துப்போனார். கீழவாசல் பக்கம் ஒரு சந்தில், பாய் ஒருவர் வைத்திருக்கும் பாத்திரக்கடை. அண்ணனைக் கண்டதும் பாய் ஒரு மக்கில் தண்ணீரும் சோப்புத் துண்டும் எடுத்து வைத்தார்.

"வாங்கண்ணே. கைய நனைங்க. இன்னைக்கு யாரு வீட்டுக்குச் சீர்?"

அண்ணன் கையில் சோப்பைத் தேய்த்துக்கொண்டு ஒவ்வொரு கரண்டியாகப் பிடித்துப் பார்த்தார். இரண்டு விரலை மடக்கி வைத்துக்கொண்டு, மீதி விரல்களால். நழுவியதை எல்லாம் ஒதுக்கினார்.

"ஒங்களால என் சாமான் பூராம் ஈரமாகுது. வேற ஆளு வாங்குவானா?" என்றார் பாய்.

"கடையில எல்லாச் சாமானும் நல்லாத்தான் இருக்கும் பாய். வீட்டுலதான கை ஈரமா இருக்கும்."

கடைசியில் மரப்பிடி போட்ட ஒரு கரண்டி நழுவாமல் நின்றது. நான் வாங்கியதாகச் சொல்லச் சொன்னார். அப்படியே சொன்னேன்.

"ஒனக்கு இதெல்லாம் வாங்கத் தெரியாதுடா" என்றாள் அம்மா.

இரண்டு நாள் பேசாமல் புழங்கினாள். மூன்றாம் நாள் சமையலறையிலிருந்து சத்தம். எங்கள் சமையலறை குறுகல். கரண்டியின் பிடி நீளம். குழம்பைக் கிண்டும்போதெல்லாம் பிடி பின்சுவரில் இடித்தது. எந்த வீட்டுக்கும் அளவு தவறாத மனிதர், நாலு மாதமாக உள்ளே வராததால் அளவை மறந்துவிட்டார்.

"அந்த ஆள வரச்சொல்லு. வந்து இந்த அடுப்படிய ஒருதரம் பாத்துட்டுப் போகட்டும்."

அன்று மாலையே வந்தார். வாசலிலேயே நின்றார். அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள்.

"இது கரண்டியா, துடுப்பா? வைகையில தண்ணி வந்தா ஓட்டலாம்னு வாங்குனீகளா?"

"பிடிய அறுத்துருவோம்மா. நாலு வெரக்கட போதும்."

"நாலு பத்தாது. ஆறு." பிறகு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "உள்ள வாங்க. காப்பி குடிச்சுட்டு அறுக்கலாம்" என்றாள்.

வாக்கை உடைத்ததைப் பற்றி இருவரும் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. அதற்கப்புறம் ஒன்றரை வருடம் சனிக்கிழமைகளில் அவர் வந்துபோனார். சில சமயம் கையில் ஒன்றும் இல்லாமலும் வந்தார்.

அடக்கத்தன்று கோச்சடையில் அவர் வீட்டு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். அம்மாவும் வந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் அவருடைய மனைவி மேரி அக்கா. அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜெபம் முடியும்வரை இருந்தாள். எழுந்திருக்கும்போது சொன்னாள்: "ஒங்க வீட்டுக்காரரோட நாலு மாசம் பேசாம இருந்துட்டேன் தாயி. அந்த நாலு மாசத்த இப்ப நெனச்சா நெஞ்சு கெதக்குங்குது."

மேரி அக்கா அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டார். "நான் ஆறு மாசம் பேசாம இருந்திருக்கேங்க்கா. அவருக்கு அதெல்லாம் ஒறைக்கவே செய்யாது."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது எது என்று சொல்லி முடிக்க வேண்டும். கடையில் விற்காத ஒன்று. சிகிச்சை தொடங்கிய புதிதில், அம்மா தினமும் நன்றாக இருப்பதாகவே சொல்கிறாள், எதை நம்புவது என்று அவரிடம் கேட்டேன். இந்த நோயில் விரல்கள் காலையில்தான் மிகவும் விறைத்திருக்கும். அவர் சொன்னார்: "எப்படி இருக்குன்னு கேக்காதீக. காலையில எந்திரிச்சதும் ஒங்க ரெண்டு வெரலக் குடுங்க. இறுக்கிப் புடிக்கச் சொல்லுங்க. மிச்சத்தக் கை சொல்லும்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நாள் இப்படித்தான் தொடங்குகிறது. நான் விரல்களை நீட்டுவேன். அம்மா பிடிப்பாள். பிடி இறுக்கமாக இருந்தால் பள்ளிக்குக் கிளம்புவேன். தளர்ந்திருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லி அடுப்படியில் நிற்பேன். அவளும் அந்தச் சாக்கை நம்புவதுபோல நடந்துகொள்வாள். அவளாக முடியவில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை.

இன்று காலை விரல்களை நீட்டினேன். அவள் பிடித்தாள். பிடி இறுகியதே தெரியவில்லை. என்ன சாக்குச் சொல்லலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"முடியலடா" என்றாள் அம்மா. "இன்னைக்குச் சோத்த நீ வடிச்சிரு."