கும்மி முடிந்த பிறகுதான் மீன்

போன வருடம், மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போட்டுகள் கடலுக்குப் போய்த் திரும்பிய முதல் நாள். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இடம், காரைக்கால் கடற்கரையில் இருக்கும் திறந்தவெளி மேடை. அன்று நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. காலை ஒன்பதரைக்கு, அன்று மாலை மேடையேற வேண்டிய பன்னிரண்டு பெண்களும் வர முடியாது என்று போன் வந்தது.
2. பத்து மணிக்குள், தப்பு முழுவதும் என்னுடையது என்று தெரிந்தது.
3. பகல் பன்னிரண்டுக்கு, கலை நிகழ்ச்சி அறிவிப்பில் ‘மீன்’ என்ற சொல் சேர்ந்தது.
4. மாலை ஐந்தேகாலுக்கு, பார்வையாளர்கள் வருவதற்கு முன்பே மீன் கூடைகள் வந்து இறங்கின.
5. ஆறு மணிக்கு, என் மேலதிகாரி ஒரு வஞ்சரத்தை வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.
6. ஏழு மணிக்குக் கும்மி தொடங்கியது.

இனி விவரமாகச் சொல்கிறேன்.

நான் சிவில் படித்துவிட்டு ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலைப் பொறியாளராக இருக்கிறேன். அந்த மேடையும் அதைச் சுற்றியுள்ள மைதானமும் எங்கள் பராமரிப்பில் இருப்பவை. வேலைக்குச் சேர்ந்ததும் எனக்குக் கிடைத்த முதல் பணி, விரிசல் விட்டிருந்த அந்த மேடையைச் சரி செய்வது. தரை, படிகள், மழைநீர் வடிய வாய்க்கால் என்று எல்லாவற்றையும் நானே வரைந்து, நானே நின்று கட்டி முடித்தேன். உள்ளூர்க் கலைஞர்களுக்கு மாதம் ஒரு மாலை அங்கே இடம் கொடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்து, அனுமதியும் வாங்கினேன்.

முதல் நிகழ்ச்சியைச் சனிக்கிழமை வைத்தேன். சனிக்கிழமை என்றால் ஆட்டோ, போலீஸ், பூக்காரர், ஊரில் பாதிப் பேர் எல்லாரும் திருநள்ளாற்றில்தான் இருப்பார்கள். மேடையில் எட்டுப் பேர், எதிரில் ஒன்பது பேர். இரண்டாவது நிகழ்ச்சி பள்ளித் தேர்வு நேரத்தில் மாட்டிக்கொண்டது. அப்போதும் ஆடியவர்களின் குடும்பம்தான் கை தட்டியது.

அதற்கிடையில் இன்னொரு யோசனை அலுவலகத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. திருநள்ளாறு வருகிறவர்கள் அப்படியே கடலையும் பார்க்க வருகிறார்கள். அவர்களுடைய பஸ்களை நிறுத்த இடம் இல்லை. மேடையை இடித்துவிட்டு மைதானத்தைப் பஸ் நிறுத்தமாக்கலாம் என்பது யோசனை.

“மூணாவது தடவையும் பாக்கிறேம்மா. ஆளே வராத மேடைய வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? அன்னைக்கும் ஆள் வரலன்னா மறுநாளே ஃபைல் மேல போவுது” என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். அவர் கெட்டவர் அல்ல. அவர் கேட்டது நியாயமான கேள்வி, அவ்வளவுதான்.

எனவே மூன்றாவது நிகழ்ச்சிக்கு ஒரு பட்டியல் போட்டேன். சனிக்கிழமை கூடாது. வெள்ளிக்கிழமை கூடாது. தேர்வு, தேர், நோன்பு, மாங்கனித் திருவிழா, அறுவடை எதுவும் அந்தத் தேதியில் இருக்கக் கூடாது. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்தேன். ஆடுவதற்குப் பட்டினச்சேரி மீனவக் கிராமத்துப் பெண்கள் ஒப்புக்கொண்டார்கள். எல்லாரும் மீன் விற்பவர்கள். தடைக்காலத்தில் வீட்டில் இருந்ததால் தினமும் மாலையில் கும்மி பழகினார்கள். நான் போய்ப் பார்த்தேன். அவர்கள் காலடி வைத்த வேகத்தில் மணல் பறந்தது.

பிடித்த தேதியில் கடற்கரைச் சாலை முழுக்க மின்கம்பி மாற்றப் போவதாகத் தகவல் வந்தது. பட்டியலை மறுபடி சரிபார்த்து, நிகழ்ச்சியை இரண்டு வாரம் தள்ளி வைத்தேன். தள்ளிப்போனதைப் போனில் சொன்னேன்; புதுத் தேதி போட்ட அழைப்பிதழைப் பிறகு வாட்ஸாப்பில் அனுப்பினேன். குழுவை நடத்தும் அக்கா கைகூப்பும் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டார். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அந்த அக்காதான் ஞாயிறு காலை ஒன்பதரைக்குப் போன் செய்தார்.

“ஏம்மா, இன்னைக்கா புரோகிராம் வெச்சிருக்க? எம் பொண்ணு இப்பத்தான் படிச்சுச் சொல்லுது!”

“அனுப்பினேனேக்கா. நீங்ககூட கும்பிடு போட்டீங்களே.”

“அதுல தாமரப்பூ படம் நல்லா இருந்துச்சு. அதுக்குப் போட்டேன். இன்னைக்கு போட்டு கரைக்கு வர்ற மொத நாளும்மா. ஏலத்துல நிக்காம மேடையில நின்னா எங்கள ஊருல சேப்பாங்களா?”

அக்கா விடவில்லை.

“நாங்க வந்தாலும் பாக்கிறதுக்கு யாரு வருவா? ரெண்டு மாசமா ஊரே நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கு. சாயந்திரம் மார்க்கெட்டுல வந்து பாரு, எள்ளுப் போட்டா எள்ளு விழாது. நீ காரைக்கால்லதான இருக்க? மீனே திங்க மாட்டியா?”

“இங்க பக்கத்துல விழிதியூருக்கா. எங்க வீட்டுல சைவம்.”

போனில் அக்காவின் சிரிப்பு. “அதான பாத்தேன்! கத்திரிக்காய்க்கு நாள் பாத்து வெச்சிருக்க.”

என் பட்டியலில் பள்ளிக்கூடம் இருந்தது, கோயில் இருந்தது, பள்ளிவாசல் இருந்தது, வயல் இருந்தது. கடல் இல்லை. இருபத்தைந்து வருடமாகக் கடலுக்குப் பக்கத்தில் வாழ்ந்தும், தடைக்காலம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று எனக்குத் தெரியாது. எங்கள் சமையலறையில் அதனால் எதுவும் மாறாது என்பதால் அது என் கண்ணிலேயே படவில்லை.

தள்ளிப்போட வழியில்லை. மறுநாள் கோப்பு மேலே போய்விடும். ஒரு தாளை எடுத்து இரண்டு கேள்வி எழுதினேன். ஆட வேண்டியவர்கள் மாலை ஆறு மணிக்கு எங்கே இருப்பார்கள்? பார்க்க வேண்டியவர்கள் ஆறு மணிக்கு எங்கே இருப்பார்கள்? இரண்டுக்கும் ஒரே பதில்தான் வந்தது: மீன் இருக்கும் இடத்தில்.

அக்காவை மறுபடி கூப்பிட்டேன். ஏலம் முடிந்ததும் மார்க்கெட்டுக்குப் போகாமல் கூடையோடு நேராக மைதானத்துக்கு வர முடியுமா, அங்கேயே விற்றுவிட்டு மேடை ஏறலாமா என்று கேட்டேன்.

“வித்து முடிச்சாத்தாம்மா எங்களுக்குக் காலு நிக்கும். மீனு கூடையில கெடக்கிறப்ப கும்மி அடிச்சா, காதுல பாட்டு கேக்காது. ஐஸு உருகுற சத்தம்தான் கேக்கும்.”

“எல்லாத்தையும் வித்துடலாம்க்கா.”

“யாரு, நீயா விப்ப? வாளைக்கும் வாழைக்காய்க்கும் வித்தியாசம் தெரியுமா ஒனக்கு?” என்றார். ஆனால் வருவதாகச் சொன்னார்.

அதன் பிறகு நடந்தது எனக்குத் தெரிந்த வேலை. ஐஸ் கம்பெனியில் பேசினேன். தண்ணீர் வண்டி வரவழைத்தேன். மீன் கழுவும் தண்ணீர் தேங்காமல் ஓட, மழைநீர் வாய்க்கால் பக்கமாகத் தார்ப்பாய் விரிக்கச் செய்தேன். மாலையில் காற்று கடலிலிருந்து வரும். எனவே மீன் மேற்கே சாலையோரம், நாற்காலிகள் கிழக்கே. வாடை பார்வையாளர்கள் மீது வராது.

மைக்செட் போட வந்திருந்த பாயிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் ஒயரைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். பல வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்து தொழில் செய்பவர்.

“தங்கச்சி, இத்தன நாளா கலை நிகழ்ச்சி, கலை நிகழ்ச்சின்னு நானும் தொண்ட கிழிய கத்துனேன். ஒருத்தரு திரும்பிப் பாக்கல. மீனுன்னு ஒரு வார்த்த சொல்றேன், இப்ப பாருங்க” என்றார். “பொழுது சாஞ்சு மஃரிப் பாங்கு சொல்றதுக்கு முன்னாடி விப்பன முடிஞ்சுடணும். தொழுதுட்டு வந்து உக்காந்துடுவோம். அப்பறம் ஆடச் சொல்லுங்க.”

ஆட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு அவரே கிளம்பினார். தெருத் தெருவாகக் கேட்டது அவர் குரல்: “தாய்மார்களே! தடைக்காலம் முடிஞ்ச மொத மீனு, இன்னைக்கு நம்ம கடற்கரை மேடையில! மீன வாங்கிட்டு அப்படியே உக்காந்தீங்கன்னா பட்டினச்சேரிக் கும்மி!”

ஐந்தேகாலுக்கு இரண்டு லோடு ஆட்டோ வந்தது. அன்னக்கூடைகளில் வஞ்சரம், வாளை, சங்கரா, இறால், நண்டு. பன்னிரண்டு பெண்களோடு அவர்களுடைய நாத்தனார், அண்ணிகள் என்று இன்னும் பத்துப் பேர். ஐந்தரைக்கு மைதானத்தின் வாசல் அடைத்துக்கொண்டது. நான் இரண்டு நிகழ்ச்சிகளிலும் பார்க்காத கூட்டம். பையோடு வந்தவர்கள், பாத்திரத்தோடு வந்தவர்கள், பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவர்கள். பேரம் காதைப் பிளந்தது.

ஆறு மணிக்கு மேலதிகாரி வந்தார். காலியான நாற்காலிகளைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர் காரைவிட்டு இறங்கவே இடம் இல்லை.

“என்னம்மா இது, கலை நிகழ்ச்சின்னு சொல்லிட்டுச் சந்தையக் கூட்டி வெச்சிருக்க?”

நான் பதில் சொல்வதற்குள் அக்கா குறுக்கே புகுந்துவிட்டார். “வாங்க சார். இந்த வஞ்சரத்த உங்களுக்குன்னுதான் தனியா எடுத்து வெச்சேன்.” அவரை அதற்கு முன் அக்கா பார்த்ததே இல்லை. சார் மீனை வாலைப் பிடித்துத் தூக்கினார், செவுளைத் திறந்து பார்த்தார், முகம் மலர்ந்தது. “ரத்தமாட்டம் செவப்பா இருக்கு, புது மீனுதான்” என்றார். அதற்குப் பிறகு அவர் அதிகாரியாகப் பேசவில்லை.

ஆனால் ஆறேகாலுக்கு நான் நினைத்துப் பார்க்காத ஒன்று நடக்க ஆரம்பித்தது. மீன் வாங்கியவர்கள் வீட்டுக்குக் கிளம்பினார்கள். மீனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு யார் கும்மி பார்ப்பார்கள்? பையைத் தூக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடக்கும் ஒவ்வொருவரோடும் என் மேடையும் நடந்து போவதுபோல் இருந்தது. அக்காவின் கையைப் பிடித்து, “எல்லாரும் போறாங்கக்கா” என்றேன்.

அக்கா வாசலை ஒரு பார்வை பார்த்தார். பாயிடமிருந்து மைக்கை வாங்கினார்.

“யாரும் மீன எடுத்துட்டுப் போவாதீங்க! ஆயாத மீன வீட்டுக்குக் கொண்டுபோயி என்ன பண்ணப் போறீங்க? எங்க நாத்தனாருங்க சும்மா ஆஞ்சு தருவாங்க. ஐஸுல பத்திரமா இருக்கும். கும்மி முடிஞ்சப்பறம் வாங்கிக்கங்க!”

“அப்ப நாங்க சோறு எப்ப திங்கிறது?” என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார்.

“ரெண்டு மாசம் பொறுத்தவரு ஒரு மணி நேரம் பொறுக்க மாட்டீங்களா?”

மைதானமே சிரித்தது. செதில் சுரண்டி, குடல் நீக்கி, துண்டு போட்டுத் தருவதை வேண்டாம் என்று சொல்லும் வீடு எந்த ஊரில் இருக்கிறது? வாசலுக்குப் போனவர்கள் திரும்பினார்கள். நான் துண்டுச் சீட்டில் எண் எழுதிப் பையில் ஒன்று, ஆள் கையில் ஒன்று என்று கொடுத்தேன். சார் கையிலும் ஒரு சீட்டு. மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தார். பாங்கு ஒலித்தபோது கூடைகள் காலியாக இருந்தன. தொழுகைக்குப் போனவர்கள் திரும்பி வந்தபோது நாற்காலி இல்லை, மணலில் உட்கார்ந்தார்கள்.

ஏழு மணி. ஒரே நிறத்தில் புடவை கட்ட வேண்டும் என்று என் குறிப்பில் எழுதியிருந்தேன். மாற்றிக்கொள்ள நேரமில்லை. மீன் விற்ற புடவையோடுதான் பன்னிரண்டு பேரும் மேடை ஏறினார்கள். முதல் தட்டிலேயே, கைகளில் ஒட்டியிருந்த செதில்கள் விளக்கு வெளிச்சத்தில் மின்னின. குனிந்து நிமிரும்போது பன்னிரண்டு பேருக்கும் ஒரே மூச்சு. கூடை காலியான சந்தோஷம் காலில் தெரிந்தது. நடுவில் அக்கா தானாகவே ஓர் அடியைச் சேர்த்துப் பாடினார்: மீனுக்கு வந்த சீமானெல்லாம் கும்மிக்குக் கை தட்டுறாங்க என்று. கூட்டம் எழுந்து நின்று கூடவே தட்டியது. ஒரு மணி நேரம் என்று நினைத்தது ஒன்றரை மணி நேரம் ஆனது. யாரும் மீனைக் கேட்கவில்லை.

முடிந்ததும் சார் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார். அவருடைய முறை வந்தபோது வஞ்சரத்தை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். “பஸ்ஸுக்கு வேற எடம் பாக்கச் சொல்றேன். அடுத்த மாசம் யாரு?” என்றார்.

“இனிமேதான் கேக்கணும் சார்” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அதற்கு மேல் யோசிக்கும் தைரியம் அதுவரை எனக்கு இல்லை.

திங்கட்கிழமை கோப்பு மேலே போகவில்லை. இப்போது மாதந்தோறும் ஒரு ஞாயிறு அங்கே நிகழ்ச்சி நடக்கிறது. தப்ஸ் மேளம் அடித்துப் பாடும் குழு வந்திருக்கிறது, பள்ளிப் பிள்ளைகள் நாடகம் போட்டிருக்கிறார்கள், நாதஸ்வரக்காரர்கள் சனிக்கிழமை திருநள்ளாற்றில் வாசித்துவிட்டு ஞாயிறு எங்களிடம் வருகிறார்கள். மீன் இல்லாத மாதங்களிலும் ஆட்கள் வருகிறார்கள். தேதியை நான் தனியாக முடிவு செய்வதில்லை. முதலில் பட்டினச்சேரிக்கு ஒரு போன், பிறகு பாய்க்கு ஒரு போன்.

ஊருக்குக் கலையில் அக்கறை இல்லை என்று யாராவது சொன்னால், அந்த நேரத்தில் ஊர் எங்கே, எந்த வேலையில் இருந்தது என்று நான் இப்போது கேட்கிறேன். மேடை இருக்கிறது, இந்த மாதம் நிகழ்ச்சி உண்டு.