லட்டோடு ஆற்றில் இறங்கிய மொட்டைத்தலை

திருமலையில் மொட்டை போட்டு, லட்டும் கையுமாக இறங்கிவந்த என்னை இன்று ஒரு சாக்கடை விழுங்கித் துப்பியது.

ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் அண்ணன் மகன், திருப்பதியைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று ஆற்றுக்கு அழைத்துப்போனான். ஆன்லைனில் வாங்கிய காற்றடைத்த பலகையைத் தண்ணீரில் போட்டான். அதன்மேல் நின்றுகொண்டு துடுப்புப் போட வேண்டுமாம்.

“லட்டுப் பைய கரையில வெச்சிட்டு வா சித்தப்பா.”

“பிரசாதத்தத் தரையில வெப்பாங்களாடா? உன் சின்னம்மா என்னைக் கொன்னுடுவா!”

பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கடல்கடந்த சோழனாக எழுந்து நின்றேன்.

“குந்திக்கினு போ சித்தப்பா!” என்று அவன் கத்தி முடிப்பதற்குள் பலகை புரண்டது.

அதை ஆறு என்று சொன்னவன் வாயில் அந்தத் தண்ணீரையே ஊற்ற வேண்டும். ஏழு உலகத்துக் கழிவும் அங்கேதான் குடியிருக்கிறது. முங்கி எழுந்தபோது மொட்டையில் யார் வீட்டுக் குழந்தையின் டயாப்பரோ கிரீடமாக உட்கார்ந்திருந்தது. பைக்குள் கறுப்புக் குழம்பில் லட்டு.

“மேலாக்க கழுவிக் குடு சித்தப்பா. சின்னம்மாவுக்குத் தெரியவா போவுது?”

தூ!

சத்தியவேட்டு வீட்டில் என் மனைவி காலையிலிருந்து எதுவும் சாப்பிடாமல் பிரசாதத்துக்காகக் காத்திருக்கிறாள். திருப்பதி நண்பர்களே, யார் வீட்டிலாவது ஒரு லட்டு மிச்சமிருக்கிறதா? நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். வாசலில் நின்று எதிர்பார்க்க வேண்டாம். தெருமுனையில் நான் திரும்பும்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும்.