கேள்வி மேசைக்கு வந்த இரண்டு பெண்கள்

மண்டபத்தில் இருந்த எங்கள் ஆராய்ச்சி நிலையத்துக்குப் புதிய நூலகக் கட்டடம் வந்தது ஐம்பதுகளின் கடைசியில். ஒரு பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் பிரிவு அது. அதுவரை புத்தகங்கள் ஒரு தகரக் கொட்டகையில், மீன்களையும் நண்டுகளையும் ஊறப்போட்ட கண்ணாடிச் சாடிகளுக்கு நடுவே கிடந்தன. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பார்மலின் வாடை அடிக்கும்.

நான் பரமக்குடிக்கு மேற்கே ஒரு வானம் பார்த்த ஊர்க்காரி. மதுரையில் விலங்கியல் படித்து, சென்னையில் நூலகப் பயிற்சி முடித்திருந்தேன். வேலையில் சேர வந்த நாளில்தான் கடலை முதன்முதலாகப் பார்த்தேன். கொண்டுவந்து விட்ட என் அய்யா, "கொஞ்ச நாளு இருந்து பாரு. ஒத்துக்கிடலைன்னா ஒரு கார்டு போடு, வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த ரயிலில் ஏறிவிட்டார். நான் கார்டு போடவில்லை.

இயக்குநர் வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர். அங்கே நூலகங்கள் எப்படி இயங்குகின்றன என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். நிதி வந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்தார். இரும்பு அலமாரிகள் வந்தன. புத்தகப் பக்கங்களைச் சிறு படச்சுருளாக எடுத்த மைக்ரோபிலிமைப் படிக்கும் கருவி ஒன்று மரப்பெட்டியில் வைக்கோல் சுற்றி வந்து இறங்கியது. வேறு நூலகங்களிலிருந்து புத்தகம் இரவல் பெறும் ஏற்பாடும் நடந்தது. இதெல்லாம் போக, வாசலுக்கு நேரே ஒரு மேசையைப் போட்டு, அதன் மேல் தமிழில் பலகை எழுதி மாட்டினார். கடல் குறித்த கேள்விகளுக்கு விவரம் தேடித் தரப்படும், யாரும் வரலாம் என்று அதில் இருந்தது. மேசைக்கு நான்தான் பொறுப்பு.

"கடல் இங்க இருக்கிற மீனவங்களோடது. அதைப் பத்தி எழுதின புத்தகத்தை மட்டும் நாம பூட்டி வச்சுக்கிறது என்ன நியாயம்?" என்றார் இயக்குநர்.

மாதக்கணக்கில் ஒருவரும் வரவில்லை. உப்புக் காற்றில் இரும்பு அலமாரிகளின் விளிம்பில் துரு பூத்தது. மைக்ரோபிலிம் கருவி அழுத்தம் குறைந்த மின்சாரத்தில் கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்தது. அதன் லென்சில் பூஞ்சை படர்ந்ததை நான் மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆராய்ச்சி மாணவர்கள் பத்திரிகை புரட்ட வருவார்கள், போவார்கள். கேள்வி மேசையில் மத்தியானத்துக்கு மேல் அவர்கள் டீ தம்ளரை வைப்பார்கள்.

தை மாதம் ஒரு பிற்பகலில் ஓர் அக்கா வந்தார். தங்கச்சிமடத்துப் பக்கம் மீனவக் குடும்பம். கருவாட்டுக் கூடையை வெளியே வேப்பமரத்தடியில் இறக்கிவைத்துவிட்டு, வாசலில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கழுத்தில் தாலிக்குப் பக்கத்தில் ஒரு மாதா சுரூபம் தொங்கியது.

"டீச்சர், இங்கன கடலப் பத்திக் கேட்டா சொல்லுவீகளாமே?"

படித்த பெண் என்றால் அந்தக் கரையில் டீச்சர்தான். உட்காரச் சொன்னேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

ஐப்பசியில் அவருடைய வீட்டுக்காரரும் கொழுந்தனும் ஒரே வள்ளத்தில் தென்கடலுக்குப் போனார்கள். போன அன்றைக்கே வாடைக்காற்று திரும்பி அடித்தது. கூடப்போன மற்ற வள்ளங்கள் பாய் கிழிந்தும் துடுப்பு ஒடிந்தும் கரை சேர்ந்தன. இவர்களுடையது மட்டும் சேரவில்லை. பலகை, பாய்த்துணி, ஒரு மிதப்புக்கட்டை, எதுவுமே எங்கேயும் ஒதுங்கவில்லை.

"கடலு எந்தப் பக்கம் இழுத்துட்டுப் போயிருக்கும்னு உங்க புத்தகத்துல இருக்குமா?" என்று கேட்டார்.

தேடிப் பார்க்கிறேன் என்றேன். அந்த மேசைக்கு வந்த முதல் கேள்வி அது.

இயக்குநரிடம் சொன்னபோது அவர் முகம் ஒரு கணம் மலர்ந்துவிட்டது, கேள்வி வந்துவிட்டதே என்று. பிறகு விஷயம் உறைத்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எல்லாத்தையும் தேடு. எங்கே எழுதணுமோ எழுது" என்றார். எழுதினேன். மன்னார் வளைகுடா நீரோட்டம் பற்றி எங்களிடம் இருந்தவற்றைப் படித்தேன். இல்லாதவற்றை வெளியூர் நூலகங்களிடம் கேட்டேன். பங்குனியில் ஒரு சிறு டப்பாவில் மைக்ரோபிலிம் சுருள் வந்து சேர்ந்தது.

இதற்கிடையில் அந்த அக்கா புதன்கிழமைதோறும் சந்தை முடிந்து வந்து போய்க்கொண்டிருந்தார். "வந்துருச்சா டீச்சர்?" என்பார். இல்லை என்றால் கொஞ்ச நேரம் விசிறியின் கீழே உட்கார்ந்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொள்வார். அலுத்துக்கொண்டதே இல்லை. கேட்க ஓர் இடம் இருப்பதே அவருக்குப் போதுமாக இருந்ததோ என்னவோ.

சுருள் வந்த வாரம் அவரைக் கருவி இருந்த இருட்டறைக்குக் கூட்டிப்போனேன். அன்றைக்கு மின்சாரம் நன்றாக இருந்தது. திரையில் வரைபடம் தெளிவாக விழுந்தது. அவர் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கோயிலில் நிற்பதுபோல நின்றார். இது பாம்பன், இது ராமேஸ்வரம், இது சிலோன் என்று விரல் வைத்துக் காட்டினேன். அம்புக்குறிகளைக் காட்டினேன்.

"வாடைக் காலத்துல நீரோட்டம் இப்படித்தான்க்கா போகுது. தெக்க, தூத்துக்குடியைத் தாண்டி, குமரியச் சுத்தி மேற்கே."

"சிலோன் பக்கம் தள்ளாதா?"

"கச்சான் காத்து மேக்க இருந்து அடிக்கிறப்பன்னா தள்ளும். ஐப்பசியில இல்லக்கா."

அவர் தலையை ஆட்டினார். "எங்க ஊரு ஆளுகளும் அதையேதான் சொன்னாக. புத்தகத்துல வேற மாதிரி இருக்கும்னு வந்தேன்."

கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் சுருளை நகர்த்தினேன். நீரோட்டத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்ற பக்கம் வந்தது. சும்மா இருக்க முடியாமல் அதையும் விளக்கினேன். மூடி இறுக்கிய குப்பிகளுக்குள் விலாசம் எழுதிய அட்டையைப் போட்டுக் கடலில் விடுவார்கள். ஒதுங்கிய இடத்தில் எடுத்தவர்கள் அட்டையைத் தபாலில் அனுப்புவார்கள். அதை வைத்துக் கணக்கிடுவார்கள்.

"எல்லாக் குப்பியும் வந்துருச்சா?"

"இல்லக்கா. கொஞ்சம்தான் வந்துச்சு."

"வராததெல்லாம் எங்கன போச்சு?"

"தெரியாதுக்கா. அதைப் பத்தி ஒண்ணும் எழுதலை."

கருவி சூடேறி மெல்ல இரைந்துகொண்டிருந்தது. அவர் வரைபடத்தை மறுபடி காட்டச் சொன்னார். திரைக்கு வெகு அருகே போய்க் குமரிக்கு மேற்கே வெறுமையாக இருந்த இடத்தைப் பார்த்தார்.

"இதுக்கு அங்கிட்டு என்ன இருக்கு?"

"கடல்தான்."

"அதுக்கும் அங்கிட்டு?"

"சின்னச் சின்னத் தீவு இருக்கு. அதையும் தாண்டிப் போனா ஆப்பிரிக்கா."

"அங்கன மனுசருக இருக்காகளா?"

"இருக்காக."

"அப்பச் சரி" என்றார். என்னிடம் ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். சைவ வீட்டில் குடியிருந்த நான் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அலுவலகக் காவலாளியிடம் கொடுத்தேன்.

வைகாசியில் இரண்டாவது பெண் வந்தாள். அந்த அக்காவின் கொழுந்தன் மனைவி, காணாமல்போன தம்பியின் பெண்டாட்டி. என்னைவிடச் சின்னவள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட முடியாத நிலையில் புருஷன் கடலுக்குப் போயிருக்கிறான். அவளுடைய அம்மாவும் கூட வந்து வாசலிலேயே நின்றுகொண்டார்.

"எங்க அக்கா இங்க வர்றது தெரியும் டீச்சர். நான் வந்தேன்னு அதுக்குத் தெரிய வேண்டாம்" என்று தொடங்கினாள்.

தூத்துக்குடியில் உப்பளத்தில் வேலை செய்யும் ஒருவர் அவளைக் கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தார். தாய்வீட்டில் சம்மதம். ஆனால் மாதா கோயிலில் சாமியார் தாலிகட்ட அனுமதிக்கவில்லை. முதல் புருஷன் செத்தது உறுதியாகத் தெரியாமல் மறுகல்யாணத்துக்குப் பூசையில் ஓலை வாசித்து அறிவிக்க முடியாது என்றாராம். உடலும் இல்லை, கண்ணால் கண்டவரும் இல்லை. நிலையத்தில் இருக்கிற பெரிய படிப்பாளிகள் யாராவது, அந்தக் காற்றில் அந்த வள்ளம் பிழைத்திருக்க வழியில்லை என்று எழுதிக் கொடுத்தால் மேற்றிராணியாருக்கு, அதாவது பிஷப்புக்கு, அனுப்பிப் பார்க்கலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

"செத்துப்போனாகன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. அது போதும்" என்றாள். வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டு வந்ததுபோல இருந்தது.

இயக்குநர் அறைக்கு அவளை அழைத்துப் போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். என்னை உட்காரவைத்து நான் சேகரித்த குறிப்புகளை மறுபடி படித்தார்.

"பாரும்மா, பிழைச்சிருக்க வாய்ப்பு ரொம்ப ரொம்பக் குறைவு. அதை எழுதித் தரேன். ஆனா நிச்சயமா இறந்துட்டார்னு எழுத எனக்கு ஆதாரம் இல்லை."

"குறைவுன்னா சாமி ஒத்துக்கிட மாட்டாக சார். நிச்சயம்னு கேக்குறாக."

"நான் எழுதினா அது பொய்யாயிடும்."

"பொய்யில்ல சார். எனக்குத் தெரியும்." அவள் கையை நெஞ்சில் வைத்தாள். "எனக்கு நல்லாத் தெரியும்."

அவர் எழுத முடிந்ததை எழுதினார். கவனமான, நேர்மையான சில வாக்கியங்கள். நான்தான் தட்டச்சு செய்தேன். அதை எடுத்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள். அன்று புதன்கிழமை என்பதை நாங்கள் இருவருமே மறந்திருந்தோம். வேப்பமரத்தடியில் அந்த அக்கா கூடையை இறக்கிக்கொண்டிருந்தார்.

இளையவளின் கையில் இருந்த காகிதத்தையும், அவள் அம்மாவையும், என்னையும் மாறி மாறிப் பார்த்தார். யாரும் சொல்லாமலே அவருக்கு விளங்கிவிட்டது.

"ரெண்டு பேரும் ஒரே வள்ளத்துலதான போனாக? ஒருத்தரு செத்தா இன்னொருத்தரு எப்படிடி இருப்பாரு? எம் புருசனயும் சேத்துல்ல எழுதி வாங்கிட்டுப் போற!"

"அதுல அப்படி எழுதலக்கா. சத்தியமா எழுதல." இளையவள் அழத் தொடங்கினாள். "எழுத மாட்டேன்னுட்டாக. நீ வேணும்னா டீச்சரக் கேளு."

"எழுதலையா?" என்று அந்த அக்கா என்னைக் கேட்டார்.

"இல்லக்கா."

அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து இளையவளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்தார். வெயில் நகர்ந்து அவர்கள் மேல் விழுந்தபோது எழுந்து, ஒரே திசையில், தள்ளித் தள்ளி நடந்து போனார்கள்.

அந்தக் காகிதத்தால் ஒன்றும் ஆகவில்லை. சாமியார் அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். மறு வருடம் நிதி நின்றது. இயக்குநர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் பலகையைக் கழற்றிவிட்டு மேசையைத் தன் எழுத்தருக்குக் கொடுத்தார். இரவல் புத்தகத்துக்குத் தபால் செலவு கிடையாது என்றார். மைக்ரோபிலிம் கருவியின் விளக்கு எரிந்துபோனது. புது விளக்குக்கு எழுதிப் போட்டேன், பதில் இல்லை. உறை போட்டு மூடி வைத்தோம். அந்த அக்கா அதன் பிறகும் இரண்டொரு முறை வந்தார். உட்காரச் சொல்ல இடமில்லாமல், நின்றபடியே பேசி அனுப்பினேன். பிறகு வருவது நின்றுவிட்டது.

நான் வேலையை விட்டு மதுரைக்குப் போவதற்குச் சற்று முன்னால், மண்டபம் ரயில் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். ராமநாதபுரத்துக்குக் கருவாடு கொண்டுபோக நின்றிருந்தார். மெலிந்திருந்தார். தாலியும் மாதா சுரூபமும் கழுத்தில் அப்படியே இருந்தன. பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். நானாகத்தான் இளையவளைப் பற்றிக் கேட்டேன்.

"தூத்துக்குடியிலதான் இருக்கா. கோயில்ல கட்டாமயே அந்த ஆளு கூட இருக்கா. ஒரு பொம்பளப் புள்ள." கூடையை மூடியிருந்த சாக்கை இழுத்துவிட்டார். "பூசைக்குப் போறாளாம். சாமியார் கையால நன்மை அப்பம் வாங்க விட மாட்டாக. எல்லாரும் முட்டி போட்டு நன்மை வாங்கையில இவ வாசல்ல நிப்பாளாம்."

"நீங்க போய்ப் பாத்தீகளாக்கா?"

"ஒருக்காப் போனேன். புள்ள அவள மாதிரியே இருக்கு. எனக்கு அவ மேல கோவமில்ல டீச்சர். சின்னஞ்சிறுசு, என்ன செய்வா." தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஆனா கொழுந்தன் ஒரு நா வந்து நின்னு, மதினி, எம் பொண்டாட்டி எங்கன்னு கேட்டா நா என்ன சொல்ல? அதத்தான் ராத்திரியும் பகலும் யோசிக்கிறேன்."

வரமாட்டார் என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தனை புத்தகம் தேடிய நான்தானே சொல்ல வேண்டும்? ஆனால் அப்படிச் சொன்னால் அவருடைய வீட்டுக்காரரும் வரமாட்டார். பாம்பன் பக்கமிருந்து ரயில் வந்தது. கூட்டம் முண்டியடித்தது. கூடையின் ஒரு பக்கத்தை நான் பிடிக்க, மறுபக்கத்தை அவர் தூக்க, இருவருமாக அதைப் பெட்டிக்குள் ஏற்றினோம். உட்கார இடமில்லை. கதவோரம் கூடையை அணைத்தபடி நின்றுகொண்டார். என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. ரயில் கிளம்பிவிட்டது.